வாசலில் கிடந்த சக்கை

இரத்தினவேல் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்கு அந்தச் சந்தேகம் வரும். குடி இல்லை, சிகரெட் இல்லை, பெண்சாதிக்குக் கை நீட்டியவன் இல்லை. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கொம்பனியில் பின்னேர ஷிஃப்ற், பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். ஆறு வருஷத்தில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. அவனிடம் இருந்தது ஒரேயொரு கெட்ட பழக்கம்தான். முன்னூற்றிநாலு.

சீட்டாட்டம் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. அஜின்கோர்ட்டில் அவன் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் பஸ்ரியனுடைய பேஸ்மென்ற் இருந்தது. அவனைப் போலவே பின்னேர ஷிஃப்ற் செய்கிற நாலு பேர் காலை ஒன்பது மணிக்கு அங்கே கூடுவார்கள். அரை மணித்தியாலம் என்றுதான் எல்லோரும் வீட்டில் சொல்லிவிட்டு வருவது. அந்த அரை மணித்தியாலத்தை இழுத்துப் பன்னிரண்டு மணிவரை கொண்டுபோகிற கெட்டித்தனம் உலகத்தில் வேறு யாருக்கும் வராது.

மனைவி குணவதிக்கு கார் சீற் உறை தைக்கிற ஃபக்ரறியில் வேலை. விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் வீடு. ஒரே மகள் துர்க்காவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். அதிலிருந்து ஐந்தரை வரைக்கும் பிள்ளை எங்கே இருப்பாள்? பக்கத்து வீட்டில், லாவ் கிழவரிடமும் அவர் மனுசியிடமும்.

பக்கத்து வீடு என்றால் ஒட்டிய வீடு. நடுவில் ஒரு சுவர், முன்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, கார் விட ஒரே டிரைவ்வே. லாவ் ஹொங்கொங்கில் நாட்டுமருந்துக் கடையொன்றில் நாற்பது வருஷம் நின்றவர். இப்போது வீட்டோடு. குளிர்காலத்தில் அந்த டிரைவ்வேயின் பனி முழுவதையும் விடியக்காலை அவரே தள்ளிவிடுவார், உன் பக்கம் என் பக்கம் என்று கோடு பார்ப்பதில்லை. துர்க்கா அவரை ‘காங்-காங்’ என்று கூப்பிடுவாள். அவர்களுடைய பாஷையில் தாத்தா என்று அர்த்தமாம். இரண்டு வருஷமாகப் பிள்ளையைப் பார்த்தார்கள். குணவதி தீபாவளிக்குப் பயற்றம்பணியாரம் கொடுப்பாள், அவர்கள் தங்கள் வருஷப் பிறப்புக்குத் தோடம்பழம் கொடுப்பார்கள். கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம். ஊர் முழுக்கத் தடிமன், காய்ச்சல். ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே குணவதி சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு மேல் கொதிக்குது. பள்ளிக்கூடம் அனுப்பாதேங்கோ. ஒன்பது மணிக்குக் கிளினிக் திறக்கேக்கை முதல் ஆளா நிண்டு டொக்டரிட்டைக் காட்டிப்போடுங்கோ. மறந்திடாதேங்கோ, என்ன?”

“ஓம், ஓம். நான் பாக்கிறன். நீர் போம்.”

அவன் போகத்தான் இருந்தான். சத்தியமாய்ப் போகத்தான் இருந்தான். எட்டரைக்கு ரெலிபோன் அடித்தது.

“அண்ணை, யோசப் வரேல்லை, கை ஒண்டு குறையுது. ஒரு அரை மணித்தியாலம் வந்திட்டுப் போங்கோவன்,” என்றான் பஸ்ரியன்.

கிளினிக்கில் இந்த நேரம் சனம் நெருங்கும், பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் வரிசையில் நிற்பான், பத்து மணிக்குப் போனால் சுகமாய்க் காட்டிவிட்டு வரலாம். இப்படி ஒரு நியாயம் அவனுக்குக் கைவசம் வந்தது. நியாயங்களுக்கு அவனிடம் எப்போதும் பஞ்சமில்லை. பிள்ளையைப் போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் லாவ் வீட்டுக் கதவைத் தட்டினான். அரை மணித்தியாலம் என்று சொன்னான்.

அன்றைக்கென்று பார்த்துக் கை அள்ளி அள்ளி வந்தது. திரும்பி வரும்போது பன்னிரண்டேகால்.

துர்க்கா அவர்களுடைய சோபாவில் கழுத்துவரை போர்த்துப் படுத்திருந்தாள். கிழவர் பக்கத்தில் குந்தியிருந்து அவளுடைய மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். குசினியில் ஏதோ ஊறப்போட்டிருந்த மணம்.

“காற்றும் குளிரும் உள்ளே போயிருக்கு,” என்றார் கிழவர். அவருடைய ஆங்கிலம் துண்டு துண்டாகத்தான் வரும். “காற்றுப் பட்டால் நடுங்குகிறாள். கழுத்துப் பிடித்திருக்கு. நான் மருந்து அவிக்கிறேன். மூன்று நாள். சரியா? நீ சரி சொன்னால்தான் கொடுப்பேன்.”

பேப்பரில் பரப்பி வைத்திருந்ததை ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினார். கறுவாக் குச்சி, இஞ்சி, அதிமதுரம், இலந்தைப்பழத்தைக் காயவைத்தது மாதிரிச் சிவப்பாய்ச் சுருங்கின பழம், பேர் தெரியாத வெள்ளைக் கிழங்குத் துண்டுகள். இதில் பாதி எங்கள் குசினியில் கிடக்கிறதுதானே என்று இரத்தினவேலுக்குப் பட்டது. கிளினிக் மத்தியானத்துக்குப் பூட்டியிருப்பார்கள். அவன் ஒரு மணிக்கு வேலைக்கு வெளிக்கிட வேண்டும்.

“ஓகே அங்கிள், ஓகே. தாங்யூ,” என்றான்.

துர்க்கா மருந்தைச் சுடச்சுடக் குடித்தாள். அதற்குமேல் மனுசி ஒரு கோப்பை சோற்றுக்கஞ்சி பருக்கி, இன்னொரு போர்வையும் போட்டாள். இலேசாய் வியர்க்க வேண்டுமாம். வெளியே வருமுன் இரத்தினவேல் மகளின் காதுக்குள் குனிந்தான்.

“அம்மாட்டை டொக்டரிட்டைப் போனதெண்டு சொல்லுவம், என்ன? இல்லாட்டி அம்மா அப்பாவை ஏசுவா.”

“பட் அப்பா, நாங்கள் போகேல்லையே.”

“சின்ன விசயம் அது. நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அப்பா சொல்லுவன்.”

சொன்னான். வேலையில் பிரேக் நேரம் ரெலிபோன் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். “வைரஸாம். மருந்து ஒண்டும் தேவையில்லையாம். சூடாக் குடிக்கக் குடுத்து நல்லாப் படுக்க விடட்டாம்.”

“ஊசி போட்டவரோ பிள்ளை?” என்று குணவதி பக்கத்தில் இருந்த மகளைக் கேட்பது ரெலிபோனிலேயே கேட்டது.

“இல்லை அம்மா.”

அது பொய் இல்லைதானே! அதுதான் அவனுக்கு ஆறுதல். பிள்ளையின் வாயில் கறுவா மணக்கிறதே என்று குணவதி கேட்டதற்கும் ‘காங்-காங் ரீ தந்தவர்’ என்று துர்க்கா சமாளித்தாள். பத்து வயதுப் பிள்ளை தகப்பனுக்காக எவ்வளவு கவனமாய்ச் சொல் பொறுக்க வேண்டியிருந்தது என்று அவன் அன்றைக்கு யோசிக்கவில்லை. புதனும் வியாழனும் அப்படியே. பிள்ளை லாவ் வீட்டுச் சோபாவில், அவன் பஸ்ரியன் வீட்டுப் பாயில். வெள்ளிக்கிழமை துர்க்கா துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அன்றிரவு குணவதி தும்மத் தொடங்கினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்த குணவதி வீறிட்டுக் கத்தின சத்தத்தில் இரத்தினவேல் கோப்பித்தண்ணியைக் கையில் ஊற்றிக்கொண்டான்.

“ஐயோ! இஞ்சாருங்கோ! ஓடிவாங்கோ! கழிப்பு! எங்கட வாசல்லை கழிப்பு!”

டிரைவ்வே போய் நடைபாதையோடு சேர்கிற இடத்தில், துர்க்கா தினமும் கால்வைக்கிற அதே இடத்தில், வெள்ளைப் பனியின் நடுவில் கறுப்பாய் ஒரு குவியல். வேர், பட்டை, குச்சி. கொட்டின ஈரம் இன்னும் உறையவில்லை.

குணவதியைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் கழிப்பென்றால் என்னவென்று தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். ஒருவருக்கு வந்த நோய்வருத்தத்தை, தோசத்தை, ஆளைச் சுற்றிக் கழித்துக் கொண்டுபோய்ச் சந்தியில் கொட்டிவிடுவார்கள். அதை மிதிக்கிறவனுக்கு அது போய்விடும். குணவதியின் தம்பி எட்டு வயதில் கோண்டாவில் சந்தியில் அப்படி ஒன்றை மிதித்துவிட்டு வந்தான். பதினோராம் நாள் நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டான். காய்ச்சல் தண்ணியால் வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தாய் அதை நம்பவில்லை, குணவதியும் நம்பவில்லை.

“போன கிழமை அந்த மனுசி கொக்குக்கொக்கெண்டு இருமினது. தங்கட வருத்தத்தைக் கழிச்சு எங்கட வாசல்லை கொண்டந்து கொட்டியிருக்கினம். அதுதான் பிள்ளைக்கு வந்தது! அதுதான் எனக்கு இப்ப உடம்பெல்லாம் முறிக்குது! இரண்டு வருசமா என்ர பிள்ளையை மடியிலை வைச்சிருந்து, கடைசியிலை இதையோ செய்தவை?”

இரத்தினவேல் கிட்டப் போய்ப் பார்த்தான். கறுவாக் குச்சி. அவிந்து வெளுத்த இஞ்சித் துண்டு. ஊதிப்போன சிவப்புப் பழம். பார்த்த கணத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. இது கிழவருடைய மனுசியின் வருத்தம் இல்லை. இது துர்க்காவின் மருந்து. ஏன் இங்கே கொட்டினார் என்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு அவித்தது என்பது தெரியும்.

இப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வசனம். ‘குணம், இது பிள்ளைக்கு அவிச்ச மருந்து.’ அவ்வளவுதான். ஆனால் அந்த வசனத்துக்குப் பின்னால் கிளினிக் வரும், கிளினிக்குக்குப் பின்னால் பஸ்ரியனின் பேஸ்மென்ற் வரும், மூன்று நாள் பொய்யும் பிள்ளையைப் பழக்கின பொய்யும் வரிசையாய் வரும். அவன் கோப்பி கொட்டின கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

குணவதி காய்ச்சல் உடம்போடு பனி தள்ளுகிற சவளை எடுத்தாள். குவியலைப் பனியோடு சேர்த்து அள்ளினாள். நாலு எட்டில் லாவ் வீட்டுப் படிக்குப் போய்க் கதவில் பட எறிந்தாள். கதவிலும் படியிலும் கறுப்பாய் வழிந்தது.

கதவு திறந்தது. கிழவர் உள்பெனியனோடு, வீட்டுச் செருப்போடு வந்து நின்றார். முதலில் கதவைப் பார்த்தார், பிறகு குணவதியைப் பார்த்தார். அவள் தமிழில் பொரிந்து தள்ளிவிட்டு, “யூ! பாட்! மை ஹவுஸ்!” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் எறிந்தாள். அது போதாமல் புருசன் பக்கம் திரும்பினாள்.

“வாயிலை என்ன கொழுக்கட்டையோ? இங்கிலீசிலை சொல்லுங்கோவன் உவருக்கு!”

கிழவரும் அவனைத்தான் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. இவன் விளங்கப்படுத்துவான் என்ற நம்பிக்கைதான் இருந்தது. வாசலில் வந்து நின்ற துர்க்காவைக் கைகாட்டி, “அவளுக்கு. முடிந்தது. சுகம்,” என்று சொல்லி, செருப்புக் காலைத் தூக்கி நிலத்தில் இரண்டுதரம் மிதித்துக் காட்டிச் சிரிக்கப் பார்த்தார்.

இரத்தினவேல் வாயைத் திறந்தான்.

“அங்கிள், ப்ளீஸ்,” என்றான் ஆங்கிலத்தில். “உங்கட கார்பேஜை உங்கட பக்கத்தில் போடுங்கள்.”

“கார்பேஜ்?” என்றார் கிழவர்.

ஒரு சொல்தான். அவர் அதை இரண்டாம் தரம் சொல்லவில்லை. உள்ளே போய்த் தும்புத்தடியும் தட்டும் கொண்டுவந்து, முழங்காலில் இருந்து, படியில் கிடந்ததை வழித்து எடுத்தார். பின்னால் மனுசி கழுத்துப் பட்டியைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டாள். எழுபது வயது மனிதன் பனியில் முழங்கால் ஊன்றி இஞ்சித் துண்டு பொறுக்குவதை இரத்தினவேல் நின்று பார்த்தான்.

“அப்பா!” என்றாள் துர்க்கா.

“உள்ள போ.”

“அப்பா, டெல் ஹேர்!”

“உள்ள போ எண்டு சொன்னனெல்லே!”

பிள்ளை போனாள். ஆனால் போகுமுன் அவனை ஒருதரம் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

“இனி அந்த வீட்டுப் படியை என்ர பிள்ளை மிதிக்கப்படாது,” என்று குணவதி மஞ்சள்தண்ணி தெளித்துக்கொண்டு சொன்னாள். “கழுத்திலை வீட்டுத் திறப்பைக் கட்டிவிட்டு, அவள் தனிய இருந்தாலும் பரவாயில்லை.”

அன்று முழுவதும் துர்க்கா அவனோடு கதைக்கவில்லை. பின்னேரம் சிறிது நேரம் அவளைக் காணவில்லை. பின்வளவில் பனியில் விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை விடிய அவன் எழும்பி, தானே டிரைவ்வேயில் பனி தள்ளலாம் என்று சவளோடு வெளியே போனான். முழுவதும் ஏற்கனவே தள்ளியிருந்தது. அவனுடைய பக்கம், அவனுடைய கார்க் கதவடி வரைக்கும். கிழவர் பாதியில் நிறுத்தியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

திங்கட்கிழமை குணவதியால் எழும்ப முடியவில்லை. தொண்டை புண்ணாய்ப் போய்க் கண் சிவந்து அனலாய்க் கிடந்தாள். ஒன்பது மணிக்கு அவளைக் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனான். இந்தமுறை முதல் ஆளாய் நின்றான்.

டொக்டர் அன்ரனெற் நல்ல மனுசி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எங்கள் சனத்தோடு தமிழிலேயே கதைப்பா. குணவதியின் தொண்டையைப் பார்த்தா, நெஞ்சில் வைத்துக் கேட்டா. “வைரஸ்தான் அக்கா. இதுக்கு அன்ரிபயோரிக் தேவையில்லை. சூடாக் குடிச்சு நல்லாப் படுங்கோ,” என்றா. அவன் ரெலிபோனில் இட்டுக்கட்டின அதே வசனம்! இரத்தினவேல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதைத்தானே போன கிழமை மகளுக்கும் சொன்னீங்கள்,” என்றாள் குணவதி கமறின குரலில். “அவளுக்கு நல்லா மாறீட்டுது, டொக்டர்.”

“துர்க்காவுக்கோ?” டொக்டர் ஃபைலைப் புரட்டினா. “துர்க்காவை நான் போன ஆடி மாசத்துக்குப் பிறகு காணேல்லையே.”

“செவ்வாய்க்கிழமை இவர் கூட்டிக்கொண்டு வந்தவரெல்லே?”

டொக்டர் ஃபைலைப் பார்த்தா, இரத்தினவேலைப் பார்த்தா. படித்த மனுசி, சட்டென்று விளங்கிக்கொண்டு, “வேறை டொக்டர் ஆரும் பாத்திருப்பினம்,” என்றா. அந்தக் கிளினிக்கில் வேறு டொக்டர் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

குணவதி காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு, “சொல்லுங்கோ,” என்றாள்.

சொன்னான். கார் கண்ணாடி மூச்சில் புகைகட்டிக்கொண்டு வர, பஸ்ரியனின் ரெலிபோனில் தொடங்கி, அரை மணித்தியாலம், பன்னிரண்டேகால், மூன்று விரல், கறுவாக் குச்சி, ‘நீ சரி சொன்னால்தான் கொடுப்பேன்’ என்றது, எல்லாம் சொன்னான். சீட்டாட்டத்துக்கு அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தினால் நல்லது என்றிருந்தது.

அவள் கத்தவில்லை. கண்ணாடியில் கட்டின புகையைக் கையால் துடைத்தாள்.

“அப்ப... நான் அள்ளி எறிஞ்சது என்ர பிள்ளையின்ர மருந்தோ?”

“ஓம்.”

“அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ? எறியேக்கை?”

“...ஓம்.”

“நான் அறியாமல் செய்தன்,” என்றாள் குணவதி. “நீங்கள் அறிஞ்சுகொண்டு நிண்டனீங்கள். வயசு போன மனிசன் முழங்காலிலை இருக்க, கார்பேஜ் எண்டு சொன்னனீங்கள்.”

முதல்தரமாக அவனுக்கு ஒரு நியாயமும் கைவசம் வரவில்லை.

வீட்டடியில் கார் நின்றதும் அவள் இறங்கித் தங்கள் கதவுக்குப் போகவில்லை. நேரே லாவ் வீட்டுப் படிக்குப் போனாள். அவன் கதவுப் பிடியில் கை வைத்தான், இறங்கவில்லை. காருக்குள்ளேயே இருந்துகொண்டு பார்த்தான்.

கதவைத் திறந்தவர் கிழவர்தான். குணவதி ‘சொறி’ என்று சொல்வதை அவள் வாயசைவில் கண்டான். ஒருதரம், இன்னொருதரம். அதற்குமேல் அவளிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. பிறகு கோட்டுக் கையை மேலே இழுத்து மணிக்கட்டை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

கிழவர் அந்தக் கையைப் பார்த்தார். அவர் வெளியே ஒரு எட்டு வைத்து, அந்தக் குளிரிலேயே, மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு மனுசி வந்து குணவதியின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்தப்பட்டது. காரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருந்து மூன்று பொட்டலம் வந்தது, கூடவே மண்ணில் செய்த ஒரு சின்ன மருந்துக் குடுவையும் வந்தது. இது துர்க்காவின் மருந்து இல்லை. இதில் காய்ந்த பூவும் புதினாவும் இருந்தன. அவளுக்கு உள்ளே போனது குளிர், உனக்கு உள்ளே போனது சூடு, ஒரே மருந்து சரிவராது என்றாராம். அவிக்கிற விதத்தை, பள்ளிக்கூடம் விட்டு வந்த துர்க்காதான் கிழவரிடம் கேட்டு வந்து தகப்பனுக்கு எடுத்துச் சொன்னாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவனோடு அவள் பேசின முதல் பேச்சு அது.

“கனநேரம் அவிக்கப்படாது. பூ இருக்கு, மணம் போகப்படாது. அடுப்பை விட்டிட்டு ஒருத்தரும் விளையாடப் போகக்கூடாது.”

கடைசி வசனம் கிழவர் சொன்னதா, பிள்ளை தானாகச் சேர்த்ததா என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. ஆறு வருஷத்தில் முதல்தரமாய் வேலைக்கு லீவு சொன்னான். மூன்று நாளும் அடுப்படியில் நின்றான். பஸ்ரியன் ரெலிபோன் எடுத்து, “அண்ணை, கை ஒண்டு குறையுது,” என்றான். “குறையட்டும்,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த மூன்று நாளும் ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தான். ‘அங்கிள், அன்றைக்கு எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னேன். என்னை மன்னியுங்கள்.’ டிரைவ்வேயில் கிழவரை இரண்டுதரம் கண்டான். இரண்டுதரமும் அவர் மரியாதையாய்த் தலையசைத்துவிட்டுப் போனார். முன்னே எல்லாம், “சாப்பிட்டாயா?” என்று கேட்கிற மனிதன். அவன் வசனத்தை நாளைக்கென்று வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

வியாழக்கிழமை காலை குணவதிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தலைமுழுகிவிட்டு வந்து குசினி மேசையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டாள். துர்க்கா பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குடுவைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“சக்கையை ரோட்டிலை போடோணும், அம்மா. சுகம் வந்தாப் பிறகு அப்பிடித்தான் செய்யிறவை. போற வாற ஆக்கள் மிதிச்சு மிதிச்சு, சிக்னஸ் திரும்பி வீட்டை வராமல் போயிடுமாம். காங்-காங் எனக்கும் அதுக்குத்தான் போட்டவர்.”

குணவதியின் கை இடியப்பத்தில் நின்றுவிட்டது. வருத்தத்தைக் கழித்துக் கொட்டுகிறார்கள் என்று அவள் கத்தியது பிழை இல்லை. கழித்தது அவளுடைய பிள்ளையின் வருத்தத்தை. அவள் எழும்பிக் குடுவையை எடுத்து இரத்தினவேலின் கையில் கொடுத்தாள்.

“நீங்கள் கொண்டுபோய்ப் போடுங்கோ,” என்றாள்.

வெளியே நல்ல வெயில், காதை அறுக்கிற குளிர். டிரைவ்வே நடைபாதையோடு சேர்கிற அதே இடத்தில் போய் நின்று குடுவையைக் கவிழ்த்தான். வெள்ளைப் பனியில் சக்கை கறுப்பாய்க் குவிந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. அவனுடைய முகம் எரிந்தது. அன்றைக்கு அந்தக் கிழவர் இதே இடத்தில், யாரோ பெற்ற பிள்ளைக்காக, கூச்சம் பார்க்காமல் வந்து நின்றிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. லாவ் தன் காலை நடைக்கு வெளிக்கிட்டு வந்தார். சக்கையைக் கண்டார். சுற்றிக்கொண்டு போக நடைபாதையில் தாராளமாய் இடம் இருந்தது. அவர் சுற்றவில்லை. நேரே வந்து, சப்பாத்துக் கால் இரண்டையும் குவியலின் நடுவில் வைத்து, ஒருதரம், இருதரம் நன்றாய் மிதித்தார். வாசலில் நின்ற குணவதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் இரண்டு கையையும் கூப்பினாள்.

“அங்கிள்,” என்றான் இரத்தினவேல். கட்டி வைத்திருந்த வசனம் வாய்க்கு வந்தது. “அங்கிள், அன்றைக்கு எனக்குத் தெரியும்—”

கிழவர் கையுறைக் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“எனக்கும் தெரியும்,” என்றார். “உன் மகள் வந்தாள். அன்றைக்கே. பின்கதவால். ‘என் அப்பாவுக்காகச் சொறி’ என்று சொன்னாள். அழுதாள். என் மனுசிக்கும் சொன்னாள். பனிக்குள் மிச்சம் கிடந்த துண்டுகளை என்னோடு சேர்ந்து பொறுக்கினாள்.” சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் பனியில் துடைத்தார். “நீ சொல்லவேண்டியது முடிந்துவிட்டது. அவள் சொல்லிவிட்டாள்.”

அவர் நடந்து போய்விட்டார். இரத்தினவேல் வெறும் குடுவையோடு நின்றான். சனிக்கிழமை பின்னேரம் பின்வளவில் பனி விளையாடுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவன் சூடாய் வீட்டுக்குள் இருக்க, அவனுடைய மன்னிப்பைப் பத்து வயதுப் பிள்ளை தனியாய்ப் போய்க் கேட்டுவிட்டு, அவனிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் வந்து படுத்திருக்கிறாள்.

துர்க்கா பையோடு படியிறங்கி வந்தாள். குவியலில் இரண்டு காலையும் வைத்து, கிழவர் செய்தது மாதிரியே இரண்டுதரம் மிதித்தாள். பிறகு தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். அது கழிப்பு. மிதிக்கிறவனுக்குத்தான் வருத்தம் போகும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன்.

“நீங்களும் மிதியுங்கோ, அப்பா,” என்றாள்.

இரத்தினவேல் மிதித்தான்.